எலுமிச்சை வாசனைக்கு அடியில்

எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, காகிதக் கீற்றை மூக்கருகே பிடித்து நெஞ்சு நிரம்ப இழுத்தார். சற்று நேரம் மூச்சை நிறுத்தினார். பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்:

"மல்லி. நல்லா கீது மேடம்."

சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அந்தக் கீற்றில் மல்லி இல்லை. ரோஜாவும் இல்லை. எதுவுமே தொடாத வெறும் காகிதம் அது.

இடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். பக்கத்துத் தொழிற்சாலைகளில் லைனில் நிற்கிற பெண்கள் தங்குகிற விடுதி. பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். எஸ்தர் அக்கா அங்கே சமையல்காரர். மணிமங்கலத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சிரித்தால் உடம்பே குலுங்கும்.

நான் ஒரகடத்தில் ஒரு வாசனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். புது வாசனைகளுக்குச் சேர்மானம் எழுதுவது என் வேலை. எங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதுபோல் சொன்னால், சென்ட்டு கம்பெனிக்காரி.

பூவுக்கு அனுமதியில்லை

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து, 'உங்களுக்கென்ன, மணக்க மணக்க வேலை' என்று எழுதுகிற வாசகர்கள் குறையவில்லை. அவர்களில் ஒருவரையாவது ஒரு நாள் எங்கள் ஆய்வகத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் பூவையே உள்ளே விடமாட்டார்கள். தலையில் பூ கூடாது. பவுடர் கூடாது. மணக்கிற தேங்காய் எண்ணெய் கூடாது. காலையில் வெங்காயச் சட்னி தின்றுவிட்டு வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் மாமியார் ஆசையாக வைத்துவிடும் மல்லிகையை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். சாயந்திரம் அந்த வாடிய பூவை எடுத்துச் சூடிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். 'அந்த ஆபீஸ் ஏசியில பூகூட தாங்க மாட்டேங்குது' என்பார் மாமியார். நானும் ஆமாம் போடுவேன்.

வேலை என்ன? கம்ப்யூட்டரில் சேர்மானம் எழுதுவேன். ஒரு இயந்திரம் அதைச் சொட்டுச் சொட்டாக எடை போட்டுக் கலந்து கொடுக்கும். அதில் காகிதக் கீற்றை நனைத்து முகர்வேன். ஸ்ட்ரிப் என்போம் அதை. சரியில்லை என்று மறுபடி எழுதுவேன். மதியத்துக்குள் மூக்கு மரத்துவிடும். அப்போது சொந்த முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து நம் தோலையே முகர்ந்துகொள்ள வேண்டும், மூக்கு மெல்லத் திரும்பி வரும். புதிதாகச் சேர்கிறவர்கள் எங்களைப் பார்த்தால், எல்லாரும் அழுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இத்தனையும் பாரிஸ் நகரத்துச் சீமாட்டிக்காக இல்லை. துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ஊதுபத்தி, பினாயில், கக்கூஸ் கழுவுகிற திரவம். நம் ஊர் வாசனை இவற்றில்தான் விற்கிறது.

ஆய்வகத்தின் பின்பக்கம் இரட்டைக் கதவு போட்ட ஒரு அறை உண்டு. நாற்ற அறை. கழிப்பறை, வியர்வை, அழுகிய மீன், சாக்கடை எல்லாவற்றையும் நாங்களே தயாரித்துக் குப்பிகளில் அடைத்து வைத்திருக்கிறோம். நாற்றம் கையில் இல்லாமல் அதை மூடுகிற வாசனையைச் சோதிப்பது எப்படி? அந்த அறையில் வேலை இருக்கிற நாளில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியாட்களிடம் ஸ்ட்ரிப் கொடுத்துக் கருத்துக் கேட்கும்போது, நடுவில் ஒன்றை வெறுமையாக வைப்போம். அதை முகர்ந்துவிட்டும் பலர் 'லேசா ரோஜா' என்பார்கள். அது பொய் இல்லை, மரியாதை. கொடுத்த காகிதத்தில் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. ஆகவே எஸ்தர் அக்கா மல்லி என்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு முறை

கொரோனா வந்தபோது என் மூக்கும் போனது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலை காப்பியை வாயருகே கொண்டுபோனேன். வெறும் சுடுதண்ணீர். என் குழந்தையின் தலையை முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

பயந்துவிட்டேன். உயிர்ப் பயம் காய்ச்சலோடு போய்விட்டது, இது வேறு பயம். கிளினிக்கில் நாடி பார்க்கிற டாக்டருக்குக் கை மரத்துப்போனால் எப்படியிருக்கும்? ஆபீஸில் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சில நாள் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை நுழைப்பேன்.

பிறகு ஒரு நாள், எங்கோ யாரோ பீடி பிடிக்கிற வாடை வந்தது. எனக்குப் பீடியைக் கண்டால் ஆகாது. அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிழைத்தேன்.

விடுதிக்குப் போன கதை

அந்த விடுதியை நடத்திய காண்ட்ராக்டருக்கு இந்த வட்டாரத்தில் ஏகப்பட்ட விடுதிகள். சாப்பாட்டுக் கூடத்தில் சாக்கடை நாற்றம் என்று பெண்கள் புகார் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். விடுதி சூப்பர்வைசர் பாஸ்கர் சாக்கடையைக் கழுவினார், பினாயில் ஊற்றினார். பிறகு சுவரில் தானாகப் பீச்சுகிற ஒரு பெட்டியை மாட்டினார். அதிலிருந்த எலுமிச்சை வாசனை எங்கள் ஆய்வகத்துச் சரக்கு. அப்படியும் நாற்றம் போகவில்லை. இன்னும் காட்டமாக ஒன்று வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நேர்ல போய் மோந்து பாத்துட்டு வாங்க. எல்லா ஹாஸ்டலுக்கும் ஆர்டர் வரும்."

போனேன். பகல் உணவு வேளை. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. கூடத்துக்குள் நுழைந்ததுமே எலுமிச்சை முகத்தில் அறைந்தது. என் சரக்குதான், இருந்தும் எனக்கே குமட்டியது.

பேச்சி என்று ஒரு பெண் தட்டை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. படபடவென்று பேசுவாள்.

"உள்ள உக்காந்து சாப்பிட முடியலக்கா. அழுவுன முட்டைக்கோசுல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சி ஊத்துனா எப்படி இருக்கும்? அப்பிடி இருக்கு. கேட்டா சாக்கடைங்காவ. எங்க ஊர்ல நாங்க பாக்காத சாக்கடையா?"

முட்டைக்கோஸ் என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனால் எலுமிச்சைதான் மண்டையை நிறைத்திருந்ததே. ஸ்ட்ரிப்புகளை எடுத்து மேஜையில் பரப்பினேன். எந்த வாசனை பிடிக்கிறது என்று பெண்களிடம் கேட்டேன். எஸ்தர் அக்காவும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். வெற்று ஸ்ட்ரிப்புக்கு மல்லி என்றார்.

அடுத்து வைத்திருந்தது நாற்ற அறைச் சாக்கடை. 'உங்கள் கூடத்தில் அடிப்பது இந்த மாதிரியா?' என்று கேட்பதற்காகக் கொண்டு போயிருந்தேன். முதலில் பேச்சி முகர்ந்தாள். தட்டை வைத்துவிட்டு வாய் கொப்பளிக்க ஓடினாள். அவள் எதை முகர்ந்தாள் என்று கவனிக்காத எஸ்தர் அக்கா, அதே ஸ்ட்ரிப்பை எடுத்தார். கண்ணை மூடினார். நெஞ்சு நிரம்ப இழுத்தார்.

"இது ரோசா. இத்தவிட மல்லிதான் நல்லா இருந்துச்சு."

கூடமே சிரித்தது. பாஸ்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன!" என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது எஸ்தர் அக்காதான். ஆனால் அவர் கண் என் மேலேயே இருந்தது. பெருங்காய டப்பாவில் மூக்கை நுழைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அது. பேச்சி சொன்ன அழுகிய முட்டைக்கோஸ் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சமையலறை

"பாஸ்கர், இங்க கேஸ் நாத்தம் எதுவும் வரலியே?" என்று கேட்டேன்.

"அத்த நான் அப்பவே செக் பண்ணேன் மேடம். எஸ்தரம்மாதான் நாள் பூரா உள்ள நிக்குது. அது கிட்ட கேட்டுக்கினுதான் இருக்கேன். கேஸெல்லாம் ஒன்னியும் இல்ல, சாக்கடைதான்னு சொல்லிச்சு."

நான் எழுந்து ஓடினேன்.

அடுப்பெரிக்கிற வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதில் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நாற்றத்தைக் கலக்கிறார்கள். எங்கள் தொழில் மனிதர்களுக்குச் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், அந்த நாற்றத்தைத்தான் சொல்வேன். காற்றைவிடக் கனமானது அந்த வாயு. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும்.

சமையலறையில் பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நீல நெருப்பு. எதிர் மூலையில் தரைச் சாக்கடையின் ஓட்டைத் தகடு. நின்றபடி முகர்ந்தால் எலுமிச்சைதான். மண்டியிட்டேன். முகத்தைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

எலுமிச்சைக்கு அடியில் அது இருந்தது. சந்தேகமே இல்லை.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. பின்னால் வந்த பாஸ்கர், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் நகம் அவர் தோலில் பதிந்துவிட்டது. ஒரு பொறி போதும்.

"சிலிண்டர் எங்க?"

"வெளிய, செவுத்துக்கு அந்தாண்ட!"

சமையலறை வாசலுக்கு வந்திருந்த பேச்சி ஓடினாள். ஒவ்வொன்றாக அவள் திருகி மூடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. நீல நெருப்பு சிறுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அணைந்தது. அண்டாவின் கொதி அடங்கியது. 

எல்லாரையும் காம்பவுண்டு சுவரோரம் வெயிலில் நிறுத்தினோம். மெக்கானிக் வந்தார். அடுப்புக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் போகிற ரப்பர் குழாயைப் பெருச்சாளி கடித்திருந்தது. தரையின் சாய்மானத்தில் வாயு சாக்கடைக்குப் போய் இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அந்தக் குழாயைப் பிடித்துக் காட்டிவிட்டு மேல் மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் நாங்கள் எழுப்பிக் கீழே கொண்டுவரும்வரை தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரோ செஞ்ச புண்ணியம் மேடம்," என்றார்.

தண்ணீர்த் தொட்டியருகே

எஸ்தர் அக்கா தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பலருந்துக்கா?"

தலையைக் குனிந்தபடி பேசினார். 'மேடம்' போய்விட்டது.

"கொரோனா வந்துச்சில்ல. எங்கூட்டுக்காருக்கு உசுரு போச்சு. எனக்கு மூக்கு போச்சு. வரும் வரும்னு பாத்துக்கினே இருந்தேன்மா. வரவே இல்ல."

"அப்புறம் எப்படி சமைக்கிறீங்க?"

"கடுகு வெடிக்கிறது காதுல கேக்குது. வெங்காயம் சிவக்கிறது கண்ணுல தெரியுது. உப்பு, ஒறப்பு நாக்குக்குத் தெரியுது. பருப்பு அடி புடிச்சா மட்டும் தெரியாது. அதுக்கோசரம் கையெடுக்காம கிண்டிக்கினே இருப்பேன். இத்தினி நாள்ல ஒரு பொண்ணு எஞ்சாப்பாட்ட கொற சொன்னதில்ல. நீ வேணா கேட்டுப் பாரு."

அது உண்மை. பேச்சியே சொன்னாள், வீட்டை விட்டு வந்த பிறகு வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது இங்கேதான் என்று.

"பாஸ்கர் கேஸ் வருதான்னு கேட்டப்ப ஏன்க்கா இல்லன்னு சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னா, ஏன் தெரியலன்னு கேப்பான். மூக்கு இல்லாத சமையக்காரிய எவன் வச்சிக்குவான்? எனக்கு வேற இன்னா தெரியும்?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உனுக்கு மூக்கு போச்சுன்னா உன் ஆபீசுல வச்சிக்குவாங்களா?"

மாட்டார்கள். எனக்குத் தெரியாதா?

"சொல்லிடாதம்மா. கொழாய்தான் மாத்திட்டாங்கல்ல. இனிமே தெனிக்கும் ஒரு பொண்ணக் கூப்ட்டு மோந்து பாக்கச் சொல்றேன். சத்தியமா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்த கை. எனக்கு இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பெண்களின் உயிரை ஒரு வார்த்தை பொய்யில் தொங்கவிட்டிருக்கிறாரே என்ற கோபம். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தேன். பாஸ்கரிடம் சொன்னேன். எஸ்தர் அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன், முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. "இவங்கள வேலைய விட்டு எடுக்காதீங்க. காய் நறுக்கட்டும், பரிமாறட்டும். பக்கத்துல கூட ஒரு ஆள் இருக்கட்டும். கேஸ் கசிஞ்சா கத்துற அலாரம் கடையிலயே கிடைக்குது, ஒண்ணு வாங்கி மாட்டுங்க."

"செஞ்சிடலாம் மேடம், கண்டிப்பா," என்றார் பாஸ்கர். எஸ்தர் அக்கா பாதி வெந்த சோற்றைக் கொட்ட உள்ளே போய்விட்டார்.

ஆரஞ்சு

ஆபீஸுக்கு வந்து மேலாளரிடம் சண்டை போட்டேன். சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நாற்றத்தை மூடுகிற சரக்கு நாம் தரக்கூடாது என்றேன். "லேபிள்ல ஒரு வரி எச்சரிக்கை போட்டுட்டாப் போச்சு," என்றார் அவர். பெருச்சாளி லேபிள் படிக்குமா என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தச் சரக்குக்கு நான் சேர்மானம் எழுதவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது. மேலாளர் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில வாரம் கழித்துப் பேச்சிக்குப் போன் செய்தேன்.

"எஸ்தரம்மாவ அன்னைக்கே அனுப்பிட்டாவக்கா," என்றாள். "துணிப்பையத் தூக்கிட்டுப் போவும்போது யாருட்டயும் சொல்லலை. புது ஆளு வைக்கிற கொழம்ப வாயில வைக்க முடியல."

"அலாரம் மாட்டினாங்களா?"

"என்ன அலாரம்? அப்பிடி ஒண்ணும் மாட்டலியே. செவுத்துப் பெட்டில மட்டும் வேற மாத்தியிருக்காவ. இப்ப ஆரஞ்சு அடிக்கி."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று படித்திருக்கிறேன். ஊதியவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. பேச்சியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தினமும் குனிந்து முகர்ந்து பார் என்றேன். அவள் பார்ப்பாள். அவளை நம்பலாம்.

ஒரு விடுமுறை நாளில் மணிமங்கலம் போய் எஸ்தர் அக்கா வீட்டை விசாரித்தேன். பூட்டியிருந்தது. "அது எங்கியோ வேலைக்குப் போயி அங்கியே தங்கிக்கினுகீது," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன்

அடுத்த மழைக்காலம் வந்துவிட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயந்திரம், தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நான் எஸ்தரு பேசறேம்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே பேசினார்.

"நாளைக்கி சபையில ராப்போஜனம், அப்பமும் ரசமும் குடுப்பாங்க. மனசுல ஒருத்தர் மேல கசப்ப வச்சிக்கினு அத்த எடுக்கக் கூடாது. ரெண்டு தபா எடுக்காமயே எழுந்து வந்துட்டேன். உம்மேல அவ்ளோ கசப்பு இருந்துச்சு. இப்ப வுட்டுட்டேன். உனுக்கும் சொல்லிடணும்ல, அதான் கூப்ட்டேன்."

"அக்கா," என்றேன்.  "எப்படி இருக்கீங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா கீறேன். வேல கெடச்சிட்ச்சு. லேடீஸ் ஆஸ்டல்தான். அத்தவிட இது பெருசு. சமையலு பூரா நான்தான்."

பின்னணியில் தட்டுகள் மோதுகிற சத்தம். பெண்கள் எதற்கோ சிரித்தார்கள்.

"மூக்கு விஷயம் அங்க சொல்லிட்டீங்களாக்கா?"

யாருக்கோ 'தோ வரேன்' என்று அவர் குரல் கொடுப்பது கேட்டது.

"எந்த ஊர்லக்கா? நானே ஒரு அலாரம் வாங்கிட்டு வந்து மாட்டித் தரேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஊரை மட்டும் சொல்லுங்க."

"நீ சொல்லிடுவம்மா." அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நீ நல்லவ. உன்னால சொல்லாம இருக்க முடியாது."

போனை வைத்துவிட்டார்.